கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துப் பார்த்தோம்: டெக்கிலாவுக்கு மார்க் போடுவது பற்றி

குவாதலஹாரா வாசி:

வணக்கம் மக்களே. வேலைக்காக மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கிருந்து ஒரு மணி நேரம் போனால் டெக்கிலா என்கிற ஊரே வந்துவிடும். எதிர்த் திசையில் இரண்டு மணி நேரம் போனால் அராந்தாஸ். இரண்டு பக்கமும் நீலக் கற்றாழைக் காடுதான், டெக்கிலா என்ற மதுவைக் காய்ச்சுவது இந்தக் கற்றாழையில்தான். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு உப்பை நக்கி, எலுமிச்சையைக் கடித்து, ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வது பாவம் என்று தோன்றியதால், நிதானமாக உறிஞ்சிக் குடிக்கும் டெக்கிலாவை ஒரு வருடமாக நோட்டுப் போட்டு ருசித்து வருகிறேன்.

போன சனிக்கிழமை ஒரு விளையாட்டு. ஆறு புட்டிகள், நான்கு பேர்: நான், ஆபீஸ் நண்பர்கள் இருவர், எங்கள் வாடகை வீட்டின் உரிமையாளரான வீட்டுக்காரர் (எழுபதைத் தாண்டியவர், குவாதலஹாராவிலேயே பிறந்து வளர்ந்தவர்). எந்தக் கிளாஸில் எது என்று ஊற்றிக் கொடுத்த என் மனைவிக்கு மட்டும் தெரியும். ஆளுக்குப் பத்து மார்க்: மணத்துக்கு 3, சுவைக்கு 4, விழுங்கிய பிறகு நிற்பதற்கு 3. மொத்தம் நாற்பதுக்கு வந்தது இது:

ஃபோர்த்தலேசா பிளாங்கோ (பீப்பாயில் முதிராத ரகம்) 33, சியெத்தே லெகுவாஸ் ரெப்போசாதோ (பீப்பாயில் கொஞ்ச காலம் இருந்தது) 32, தபத்தியோ பிளாங்கோ 31, எல் தெசோரோ பிளாங்கோ 29. ஐந்தாவது இடம், பிறந்தநாளுக்குப் பரிசாக வந்த ஒரு எக்ஸ்ட்ரா அன்யேஹோவுக்கு (பல வருடம் பீப்பாயில் கிடந்தது), 17. கடைசியாக, சூப்பர்மார்க்கெட்டில் அடித்தட்டில் இருக்கும் ஒரு மலிவு மிக்ஸ்தோ (வேறு சர்க்கரையும் கலந்து காய்ச்சியது), 14.

அந்தப் பரிசுப் புட்டியின் பெயர் வேண்டாம். கனத்த கண்ணாடி, உலோக மூடி, முதல் நான்கையும் சேர்த்து வாங்கும் விலை. என் மானம் போனது எங்கே என்றால், அதே புட்டியை இரண்டு வாரம் முன்பு கண்ணால் பார்த்துக்கொண்டே குடித்து, நோட்டில் 8 போட்டிருக்கிறேன். "வழவழவென்று இறங்குகிறது, வனிலா, அருமை" என்று குறிப்பு வேறு. கண்ணை மூடியதும் நானே போட்டது 4.

ஆக என் கட்சி இதுதான்: டெக்கிலாவை எடைபோட பிளாங்கோவிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிறம், வயது, "ஸ்மூத்" மூன்றும் ஏமாற்றும். அடிக்க வருபவர்கள் வரலாம்.

ஓக் ரசிகன்:

வந்துவிட்டேன். இருபது வருடமாக விஸ்கி குடிக்கிறவன், இப்போது டெக்சாஸில் இருப்பதால் டெக்கிலா பக்கமும் எட்டிப் பார்க்கிறேன். பிளாங்கோ என்பது பீப்பாயைப் பார்க்காத பச்சைச் சரக்கு. காட்டம், நெடி, தொண்டையில் அரம் போட்ட மாதிரி. ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஓக் மரப் பீப்பாயில் கிடந்த அன்யேஹோதான் சிப் செய்யத் தகுந்தது. விஸ்கியில் யாராவது பச்சை ஸ்பிரிட்டை வைத்து டிஸ்டில்லரிக்கு மார்க் போடுவார்களா?

உங்கள் பரிசுப் புட்டி மட்டமாக இருந்திருக்கலாம். அதற்காக ஓக்கையே கழுவி ஊற்றுவது நியாயமில்லை நண்பரே.

குவாதலஹாரா வாசி:

அரம் போட்ட மாதிரி இருக்கும் பிளாங்கோக்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விஸ்கிக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் ஒத்துவராது. பார்லி ஒரு பருவத்துப் பயிர். அதற்கு வயதைக் கொடுப்பதே பீப்பாய்தான். நீலக் கற்றாழை மண்ணுக்குள்ளேயே ஆறு, ஏழு, எட்டு வருடம் நிற்கிறது. பிளாங்கோ என்று கையில் வாங்குவது ஏழு வருடப் பழசு, அந்த வருடங்கள் மரத்துக்குள் கழியாமல் மண்ணில் கழிந்திருக்கின்றன. அவ்வளவு காலம் காத்திருந்து எடுத்த சாற்றை நாலு வருடம் மரத்துக்குள் போட்டு, கடைசியில் மரத்தை மட்டும் ருசிப்பது எனக்கு விரயமாகப் படுகிறது.

வகைகளும் சிக்கலில்லை. காய்ச்சி உடனே, அல்லது இரண்டு மாதத்துக்குள், புட்டியில் போனால் பிளாங்கோ. ஓக்கில் இரண்டு மாதமாவது இருந்தால் ரெப்போசாதோ, ஒரு வருடமாவது இருந்தால் அன்யேஹோ, மூன்று வருடம் தாண்டினால் எக்ஸ்ட்ரா அன்யேஹோ. இந்தக் கடைசி வகை 2006-ல்தான் சேர்ந்தது. அன்யேஹோவுக்கும் அதற்கு மேலுள்ளதற்கும் பீப்பாய் 600 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. ரெப்போசாதோவுக்கு அந்தக் கட்டு இல்லை, பெரிய மரத்தொட்டியிலும் வைக்கலாம். அதனால் அதில் கற்றாழை இன்னும் உயிரோடு இருக்கும். சியெத்தே லெகுவாஸுக்கு 32 வந்ததும் அதனால்தான். நான் ஓக்குக்கு எதிரி இல்லை.

பச்சைமண்ணு:

அண்ணே, குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். கற்றாழை என்றால் நாம் தலைக்குத் தேய்க்கிற சோற்றுக்கற்றாழையா? அதிலிருந்தா இவ்வளவு பெரிய வியாபாரம்? அப்புறம் புட்டிக்குள் புழு இருக்கும் என்கிறார்களே?

கரிசல்காட்டான்:

தம்பி, சோற்றுக்கற்றாழை வேறு குடும்பம். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் ரயில் தண்டவாளத்து ஓரம் ஈட்டி மாதிரி மடல் நீட்டிக்கொண்டு நிற்குமே, ரயில் கற்றாழை, ஆனைக்கற்றாழை என்பார்கள். அதுதான் இதற்குப் பங்காளி. அந்த இனத்தின் பூர்வீகமே மெக்சிகோ பக்கம்தான். இதில் நீலம் பூத்த ஒரே ஒரு ரகத்தில் எடுத்தால்தான் டெக்கிலா. அதுவும் ஹலிஸ்கோ மாநிலம் முழுக்க, மற்ற நாலு மாநிலங்களில் சில பகுதிகள், இவ்வளவுதான் எல்லை. 1974-லிருந்து சட்டம். நம் ஊர்த் தக்காணத்துக் கற்றாழையில் காய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள், டெக்கிலா என்று பெயர் போட முடியாது.

மடலையெல்லாம் சீவினால் நடுவில் அன்னாசிப்பழம் மாதிரி ஒரு குண்டு நிற்கும். பினியா என்பார்கள். அதை வேகவைத்து, நசுக்கி, புளிக்கவைத்து, இரண்டு முறை காய்ச்சுவது. புழுவை, டெக்கிலாவுக்கு உறவுக்கார மதுவான மெஸ்கால் புட்டி சிலவற்றில் போடுவார்கள். டெக்கிலாவில் புழு கிடந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடு.

மூக்குத்தி:

உணவு மணப்பொருள் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், முகர்ந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வாசி அண்ணா, முதலில் ஒரு கேள்வி. எந்தக் கிளாஸில் குடித்தீர்கள்? பிளாங்கோ தண்ணீர் நிறம், எக்ஸ்ட்ரா அன்யேஹோ தேன் நிறம். கண்ணுக்குத் தெரிந்துவிடுமே, அப்புறம் என்ன கண்கட்டு?

குவாதலஹாரா வாசி:

பிடித்துவிட்டீர்கள். முதலில் எவர்சில்வர் டம்ளர் எடுத்தோம். நிறம் தெரியவில்லை, மணமும் தெரியவில்லை. வாய் அகலம், எல்லாம் பறந்துவிட்டது. அப்புறம் ஷாம்பெயின் குடிக்கும் ஒல்லிக் கிளாஸ்களைச் சமையலறை அலுமினியத் தாளால் சுற்றி, விளக்கைக் குறைத்துவிட்டோம். மேலிருந்து உற்றுப் பார்த்தால் தெரியும்தான், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டோம்.

மூக்குத்தி:

அலுமினியத் தாள் நல்ல யோசனை, சத்தியம் அவ்வளவாக இல்லை. எவர்சில்வர் டம்ளர் பாவம், அது காபிக்கு.

மடக்கென்று ஊற்றிக்கொள்ளும் சின்னக் கிளாஸை அங்கே கபாயித்தோ என்பார்களே, குட்டிக் குதிரை என்று பொருள், அது கைக்கு அழகு, மூக்குக்கு உதவாது. வயிறு கொஞ்சம் அகன்று வாய் குறுகியது வேண்டும். ரீடல் நிறுவனம் டெக்கிலாவுக்கென்றே ஒல்லிக் கிளாஸ் செய்கிறது. அதில்லாவிட்டால் வெள்ளை வைன் கிளாஸ் போதும்.

20 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் பேசாமல் வையுங்கள். ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் மணம் ஒடுங்கிவிடும். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைத்து இழுத்தால் ஆல்கஹால்தான் அடிக்கும், மூக்கு மரத்துப்போகும், அன்றைய ஆட்டம் அதோடு சரி. வாயை லேசாகத் திறந்துகொண்டு, கிளாஸைச் சாய்த்து, விளிம்பின் மேல் பக்கம் ஒரு முறை, கீழ் பக்கம் ஒரு முறை முகருங்கள். இரண்டும் வேறு வேறு. ஒரே கிளாஸில் மேலே பூவும் கீழே மண்ணும் இருப்பதை முதல் தடவை கண்டுபிடிக்கும்போது சிரிப்பு வரும்.

முதல் மிடறு கணக்கில் கிடையாது, அது நாக்குக்கு அறிமுகம். இரண்டாவதிலிருந்துதான் மார்க். வாயில் எடுத்து, நாக்கு முழுக்கப் பரப்பி, விழுங்கி, மூச்சை மெல்ல வாய்வழியாக விடுங்கள். மூக்கால் விட்டால் எரியும். ஆறு கிளாஸ் என்றால் 120 மில்லி, அதாவது இரண்டு லார்ஜ். எல்லாவற்றையும் விழுங்கினால் நான்காவதுக்குப் பிறகு போடும் மார்க் எல்லாம் தானதர்மம். நாங்கள் துப்பிவிடுவோம்.

சிங்கைச் சித்தப்பா:

துப்புவதா! காசு கொடுத்து வாங்கியதை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாசி, உங்கள் பட்டியலில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாலு பேர், ஒரே ஒரு சாயங்காலம், அந்த விலையுயர்ந்த புட்டியைக் கடைசிப் பக்கம்தான் ஊற்றியிருப்பார்கள். அதற்குள் எல்லோர் நாக்கும் செத்திருக்கும். 33-க்கும் 31-க்கும் என்ன வித்தியாசம்? தராசே ஆடுகிறது, அதில் குன்றிமணி எடை பார்க்கிறீர்கள். இந்த மார்க் விவகாரம் முழுக்கவே விளம்பரக்காரர்கள் கிளப்பியது என்பது என் கருத்து. பிடித்ததைக் குடி, பிடிக்காததைக் குடிக்காதே.

குவாதலஹாரா வாசி:

சித்தப்பா, வரிசை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஊற்றியவர் இளசிலிருந்து முதிர்ந்ததற்குப் போகும் வழக்கமான வரிசையில் ஊற்றியிருக்கிறார், மிக்ஸ்தோவை மட்டும் கடைசியில் வைத்திருக்கிறார். இந்தச் சனிக்கிழமை குலுக்கிப் போட்டு மறுபடி நடத்துகிறேன். துப்பவும் துப்புகிறோம். வீட்டுக்காரர் மட்டும் துப்ப மாட்டாராம், அவர் மதத்தில் இடமில்லை என்கிறார்.

மூக்குத்தி:

நடத்தும்போது இன்னொன்றும் செய்யுங்கள். முக்கோணச் சோதனை என்போம். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு என்று மட்டும் சொல்ல வேண்டும், மார்க் கிடையாது. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாகும், அதற்கு மேல் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். தபத்தியோவையும் எல் தெசோரோவையும் எடுங்கள். இரண்டும் அராந்தாஸில் ஒரே வடிசாலை, லா அல்தென்யா, 1937-லிருந்து ஒரே குடும்பம். நசுக்கும் விதம்தான் பெரிய வேறுபாடு.

கரிசல்காட்டான்:

நசுக்குவதில் என்ன வேறுபாடு என்பதை வாசியே எழுதட்டும், அவர்தான் நேரில் பார்த்தவர். எனக்கு அந்தக் கல்சக்கரக் கதை வேண்டும்.

குவாதலஹாரா வாசி:

ஆமாம், அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தஹோனா என்பார்கள். ஃபோர்த்தலேசா வடிசாலையில் பார்த்தேன். நம் ஊரில் பழைய வீடு கட்டச் சுண்ணாம்புச் சாந்து அரைப்பதற்கு வட்டப் பள்ளம் வெட்டி, அதில் கல்சக்கரத்தை மாடு இழுக்குமே, அச்சு அசல் அதுதான். எரிமலைக் கல்லில் செதுக்கிய சக்கரம். முன்பு கழுதை இழுத்தது, இப்போது சின்ன இழுவை எந்திரம். வேகவைத்த கற்றாழையைப் பள்ளத்தில் கொட்டி, சக்கரம் உருள உருள, ஆட்கள் தண்ணீர் விட்டு முள்கரண்டியால் கிளறிவிடுகிறார்கள்.

அங்கே ஒருவர் வெந்த துண்டு ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார். பழுப்பு நிறம், கையெல்லாம் பிசுபிசுப்பு. வாயில் போட்டு மென்றேன். முதலில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அப்புறம் வெல்லப்பாகு, கடைசியில் பனங்கிழங்கு மாதிரி நார். சாறு போனதும் கரும்புச் சக்கை போலத் துப்ப வேண்டியதுதான். இந்தச் சுவையை நாக்கில் ஒரு தடவை ஏற்றிக்கொண்டால் போதும், எந்தப் புட்டியிலும் அதைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். நான் மார்க் போடும்போது முதல் கேள்வியே, "அந்தக் கிழங்கு இருக்கிறதா?" என்பதுதான்.

தஹோனா நாரை மசித்துப் பிழிகிறது. அதோடு நாரையும் புளிக்கும் தொட்டிக்குள் சேர்ப்பவர்கள் உண்டு. உருளை எந்திரத்தில் கரும்பு ஆலை மாதிரி சீக்கிரம் சாறு வந்துவிடும், சுவை இன்னும் சுத்தமாக, கூர்மையாக இருக்கும். தஹோனா என்றால் மண்ணும் வெண்ணெயுமாகக் கொஞ்சம் கனமாக வரும். செக்கு எண்ணெய்க்கும் மில் எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தஹோனா என்று லேபிளில் எழுதியதாலேயே நல்ல சரக்கு ஆகிவிடாது. சியெத்தே லெகுவாஸ்காரர்கள் இரண்டு வழியிலும் எடுத்துக் கலக்கிறார்கள், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஜி4 என்ற டெக்கிலாவைச் செய்யும் வடிசாலையில் பழைய சாலை உருளையை வெட்டி ஒட்டி ஒரு இரும்புத் தஹோனாவே செய்து வைத்திருக்கிறார்கள்.

மூக்குத்தி:

நசுக்குவதைவிட வேகவைப்பது முக்கியம் என்பேன். கற்றாழையில் இருப்பது ஃபிரக்டான் என்ற நீண்ட சங்கிலி, ஈஸ்ட் அதை அப்படியே தின்னாது. வெந்தால்தான் உடைந்து ஃபிரக்டோஸ் ஆகும். செங்கல் சூளையில் நிதானமாக ஆவியில் ஒன்றரை நாள், இரண்டு நாள் வெந்தால், சர்க்கரையோடு பழுப்பேறும் மணங்களும் பிறக்கின்றன. வாசி அண்ணா சொன்ன அந்தச் சுட்ட கிழங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆட்டோகிளேவ் என்ற பிரஷர் குக்கரில் அரை நாளில் வேலை முடியும், கவனமாகச் செய்தால் அதிலும் நன்றாகவே வரும். டிஃப்யூசர் என்ற எந்திரம் பச்சைக் கற்றாழையைச் சீவி, வெந்நீர் பாய்ச்சிச் சாற்றை முதலில் கழுவி எடுத்துவிடுகிறது, சங்கிலியைப் பிறகு அமிலத்தால் உடைக்கிறார்கள். கற்றாழையை முழுசாக வேகவைப்பதே இல்லை. வோட்காவில் எலுமிச்சைத் தோலைக் காட்டியது போல மெலிந்து போயிருந்தால் எனக்கு அந்தச் சந்தேகம் வரும்.

ஓக் ரசிகன்:

பரிசுப் புட்டியில் "வனிலா" என்று எழுதியதற்கு ஓக்தானே காரணம்? அது எப்படிக் குறையாகும்?

மூக்குத்தி:

ஓக்கிலிருந்து வனிலின் வருவது உண்மை. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயைத்தான் பெரும்பாலும் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள், அதில் தேங்காய், டாஃபி மணமும் ஒட்டியிருக்கும். ஆனால் வனிலா எவ்வளவு, எப்படி என்பதுதான் கேள்வி. மரத்தின் வனிலாவோடு துவர்ப்பும், பட்டையும், கொஞ்சம் கசப்பும் சேர்ந்தே வரும். துவர்ப்பே இல்லாமல் கேக் கடை வாசல் மாதிரி மணந்து, நாக்கில் சிரப் போல வழுக்கினால் நான் புருவத்தைத் தூக்குவேன்.

காரணம், சட்டமே இடம் கொடுக்கிறது. ஓக்கில் வைத்த ரகங்களில் கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு இவற்றை மொத்த எடையில் 1% வரை லேபிளில் சொல்லாமலே சேர்க்கலாம். "100% அகாவே" (அகாவே என்றால் இந்தக் கற்றாழைதான்) என்று எழுதியிருப்பது சர்க்கரை எங்கிருந்து வந்து புளித்தது என்பதற்கான உத்தரவாதம் மட்டும். மிக்ஸ்தோவில் 51% கற்றாழைச் சர்க்கரை இருந்தால் போதும், மீதி கரும்போ வேறோ. 1% என்றால் துளி என்று நினைக்காதீர்கள், நாங்கள் மணச்சாறு சேர்க்கும்போது அதைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் சேர்ப்போம்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று: இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து உலரவிடுங்கள். நல்ல பிளாங்கோ உலர்ந்ததும் கையில் வெந்த கற்றாழை மணக்கும், ஒட்டாது. பசை மாதிரி ஒட்டினால் ஏதோ சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், துப்பு என்ற அளவில் சரி.

சிங்கைச் சித்தப்பா:

அப்படியானால் எதிலும் சேர்க்கவில்லை என்று யார் சான்று கொடுக்கிறார்கள்? "கலப்பில்லாதது" என்று ஒரு பட்டியல் பார்த்தேனே.

குவாதலஹாரா வாசி:

அது இங்கே பெரிய சண்டையாக இருந்தது. டெக்கிலா மேட்ச்மேக்கர் என்ற செயலியை நடத்துகிற தம்பதியர் 2020-ல் தாங்களே வடிசாலைகளுக்குப் போய்ச் சோதித்து அந்தப் பட்டியலைத் தொடங்கினார்கள். 1994-லிருந்து இந்தத் துறையைக் கண்காணிக்கும் டெக்கிலா ஒழுங்குமுறைக் குழு, சான்று கொடுக்கும் உரிமை வேறு யாருக்கும் இல்லை என்று எதிர்த்து நின்றது. வடிசாலைகளும் இரண்டு கட்சியாகின.

சண்டை இருக்கட்டும், நமக்குத் தேவை வேறு ஒன்று. ஒவ்வொரு புட்டியிலும் நோம் என்று போட்டு நாலு இலக்க எண் இருக்கும். அது வடிசாலையின் எண். ஃபோர்த்தலேசா 1493, சியெத்தே லெகுவாஸ் 1120, எர்ரதூரா 1119, கஸ்கவின் 1123. சொந்தமாகக் காய்ச்சுகிறவர்களுக்கு அந்த எண்ணில் ஒன்றிரண்டு பெயர்தான் இருக்கும். சில எண்களின் கீழ் டஜன் கணக்கில் பிராண்டுகள், சினிமா நட்சத்திரம் பெயரில் ஒன்று, பாடகர் பெயரில் ஒன்று. ஒரே அடுப்பு, வேறு வேறு புட்டி. கடையில் நின்று போனில் எண்ணைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. பரிசுப் புட்டியின் எண்ணையும் தட்டிப் பார்த்தேன். சரி, விடுங்கள்.

கரிசல்காட்டான்:

மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரே விதை கரிசலில் ஒரு மாதிரி, செம்மண்ணில் ஒரு மாதிரி வரும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அங்கேயும் மேட்டு நிலம், பள்ளத்தாக்கு என்று பிரிக்கிறார்களாமே.

குவாதலஹாரா வாசி:

பிரிக்கிறார்கள். அராந்தாஸ், அதோதோனில்கோ பக்கம் மேட்டு நிலம், லோஸ் அல்தோஸ். செக்கச்செவேல் மண், காரில் கால் வைத்தால் மிதியடி சிவந்துவிடும். டெக்கிலா, அமதித்தான் பக்கம் எரிமலை அடிவாரப் பள்ளத்தாக்கு. மேட்டுக் கற்றாழை இனிப்பும் பழமும் பூவும், பள்ளத்தாக்குக் கற்றாழை மிளகும் மூலிகையும் மண்ணும் என்பது வாய்ப்பாடு. நானும் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் லாரிகள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. பள்ளத்தாக்கு வடிசாலை மேட்டுக் கற்றாழையை வாங்குகிறது, அங்கிருப்பவர் இங்கே வாங்குகிறார். புட்டியில் ஊர் பெயர் இருப்பதால் மண்ணும் அந்த ஊர் என்று சொல்ல முடியாது. மண்ணைத்தான் ருசிக்க வேண்டும் என்றால் ஓச்சோ என்ற பிராண்டைப் பாருங்கள், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று புட்டியிலேயே போடுகிறார்கள். இரண்டு தோட்டத்து பிளாங்கோவை வாங்கி அருகருகே வைத்தேன். ஒன்றில் பச்சைப் புல்லும் புதினாவும், இன்னொன்றில் ஆரஞ்சுத் தோலும் பட்டையும். காய்ச்சும் முறை ஒன்றே. உங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகள் சொல்வது சரிதான்.

ஓக் ரசிகன்:

ஒரு வாரமாக மௌனமாக இருந்ததற்குக் காரணம், சொன்னபடி செய்து பார்த்தேன். தபத்தியோ பிளாங்கோ ஒரு புட்டி, வைன் கிளாஸ், பத்து நிமிடம் காத்திருப்பு. முதல் மிடறு வழக்கம்போல முகம் சுளித்தேன். மூன்றாவது மிடறில் சோம்பு தெரிந்தது. அப்புறம் மிளகு. விழுங்கி ஒரு நிமிடம் கழித்தும் நாக்கின் ஓரத்தில் இனிப்பு நின்றது. காட்டம் இருக்கிறது, ஆனால் அது அரம் இல்லை, இஞ்சி கடித்த மாதிரி. பச்சைச் சரக்கு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

பாதிதான் வாபஸ். அதே நாள் ஒரு ரெப்போசாதோவும் குடித்தேன், என் மனசு அங்கேதான் போகிறது. எக்ஸ்ட்ரா அன்யேஹோவில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். என்னிடம் இருந்ததைக் கண்ணை மூடிக் குடித்தால் சுமாரான போர்பன். போர்பன் வேண்டுமென்றால் பாதி விலைக்குப் போர்பனே வாங்குவேன். இந்தக் கிறிஸ்தலினோ என்பது என்ன? அன்யேஹோ என்று போட்டிருக்கிறது, பார்த்தால் தண்ணீர்.

மூக்குத்தி:

வயதாக்கிய டெக்கிலாவைக் கரித்தூளில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிடுவது. நிறம் மட்டும் தனியாக வராது, கொஞ்சம் மணத்தையும் கூட்டிக்கொண்டுதான் போகும். வளர்த்த தாடியை மழிப்பதற்காகவே வளர்த்த மாதிரி. மெக்சிகோவில் நன்றாக விற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிரவைத்து, சாப்பாட்டோடு குடிக்கப் பிடிக்கிறது என்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. மார்க் போடக் கூப்பிட்டால் வர மாட்டேன்.

பச்சைமண்ணு:

அண்ணே, அக்கா, எல்லாம் படித்தேன். ஒரே ஒரு புட்டி வாங்கத்தான் காசு இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

குவாதலஹாரா வாசி:

"100% அகாவே" என்று இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் கீழே வை. பிளாங்கோ எடு. தங்க நிறத்தில் வயது போடாமல் இருந்தால் பெரும்பாலும் கேரமல். ஆல்கஹால் அளவைப் பார். இங்கே 35, 38 எல்லாம் விற்பார்கள், அமெரிக்காவுக்கு 40-க்குக் குறையாமல்தான் போகும். 40 இருந்தால் நல்லது, தண்ணீர் கூடினால் சுவை கலைகிறது. வீட்டுக்குப் போய் எலுமிச்சையை ஒளித்து வைத்துவிட்டு, நிதானமாக அரை மணி நேரம் ஒரு கிளாஸோடு உட்கார். பிடிக்காவிட்டால் எலுமிச்சையை வெளியே எடு, யாரும் கேட்க மாட்டார்கள்.

குவாதலஹாரா வாசி:

இரண்டாவது சுற்று முடிந்தது. குலுக்கிப் போட்ட வரிசை, துப்பல் (மூவர் மட்டும்).

பரிசுப் புட்டி இந்த முறை இரண்டாவது கிளாஸாக வந்தது, நாக்கு புதுசு. அப்படியும் 18. மிக்ஸ்தோ 13. ஆக அடித்தட்டு மாறவில்லை. ஆனால் மேல்தட்டு கலைந்துவிட்டது: எல் தெசோரோ 33, சியெத்தே லெகுவாஸ் 31, ஃபோர்த்தலேசா 31, தபத்தியோ 30. போன வாரம் நான்காவதாக வந்தது இந்த வாரம் முதல். சித்தப்பா, உங்கள் குன்றிமணித் தராசு என்ற பேச்சை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன். நல்லதையும் மட்டத்தையும் பிரிக்க எங்கள் நாக்குக்குத் தெரிகிறது. நல்லதுக்குள் எது முதல் என்பதை அன்றைய சாப்பாடும் மனநிலையும் முடிவு செய்கின்றன. முதலிடம், இரண்டாமிடம் போடுவதை நிறுத்திவிட்டு மூன்று தட்டு மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன்: மறுபடி வாங்கலாம், யாராவது கொடுத்தால் குடிக்கலாம், வேண்டாம்.

முக்கோணச் சோதனை: ஒன்பது தடவை செய்தேன், ஐந்து சரி. குருட்டாம்போக்குக்கு மூன்று. வீட்டுக்காரர் ஒன்பதில் எட்டு. எப்படி என்று கேட்டால், தன் மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த கிளாஸை நீட்டினார்.

சிங்கைச் சித்தப்பா:

ஒன்பதில் எட்டா! அவரைக் கேட்டுப் புட்டி வாங்குங்கள், எங்களை ஏன் கேட்கிறீர்கள்?

ஓக் ரசிகன்:

பரிசுப் புட்டியில் மீதி என்ன ஆயிற்று?

குவாதலஹாரா வாசி:

பலோமா. கிரேப்ஃபுரூட் சோடா, எலுமிச்சை, உப்பு, நிறைய ஐஸ். ஞாயிறு மத்தியானம் வெயிலுக்கு ஜோராக இருந்தது.

மூக்குத்தி:

கிளாஸ்களைக் கழுவிவிட்டீர்களா? அடுத்த தடவை இரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் காலிக் கிளாஸை முகருங்கள். ஆல்கஹால் போயிருக்கும், மிச்சம் இருப்பதுதான் உண்மையான சரக்கு.

குவாதலஹாரா வாசி:

நல்லவேளை, சோம்பேறித்தனத்தால் நேற்றையது மேசை மேலேயே கிடக்கிறது. இப்போதுதான் ஒவ்வொன்றாக முகர்ந்தேன். ஃபோர்த்தலேசாவில் சுட்ட கிழங்கும் மழை மண்ணும். சியெத்தே லெகுவாஸில் பட்டை. பரிசுப் புட்டியில் பிறந்தநாள் கேக், மிக்ஸ்தோவில் ஒன்றுமே இல்லை. எவர்சில்வர் டம்ளரையும் விடாமல் முகர்ந்தேன், அதில் ஃபில்டர் காபி. மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மோந்தது போதும், கழுவி வையுங்கள்" என்று போய்விட்டாள். கழுவப் போகிறேன்.